ஒரு மெஷின் அதிகம்

அந்தச் சலவை நிறுவனத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயர் பிரேக் அக்கா. வைத்தது யார் என்று யாருக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்ல மாட்டார்கள். அவள் காதில் விழாமல்தான் கூப்பிடுகிறோம் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கோ முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. தெரிந்து, உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் பட்டுக்கொண்டாள். பிரேக் இல்லாத வண்டியில் யார் ஏறுவார்கள் என்பது அவள் கட்சி.

நிறுவனம் பெரியது என்று சொல்ல முடியாது. சின்னது என்று சொன்னால் அவள் தம்பிக்குக் கோபம் வரும். மருத்துவமனைகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் படுக்கை விரிப்பும் தலையணை உறையும் துவாலையும் வண்டி வண்டியாக அழுக்காக வந்து இறங்கும். மறுநாள் மடிப்புக் கலையாமல் திரும்பிப் போகும். முன்னால் அலுவலகம், அதைத் தாண்டிச் சலவைக் கூடம், அப்புறம் உலர்த்தும் இடம், கடைசியில் வரிசையாக இஸ்திரி மேசைகள். முதலாளி தம்பி. ஐம்பதை நெருங்குகிற ஆள், தலையில் முடியைவிட யோசனை அதிகம். அவனைக் கண்டால் தொழிலாளர்கள் அரட்டையை நிறுத்துவார்கள். அக்காவைக் கண்டால் அவன் நிறுத்துவான். கணக்கு அவள் கையில். அவள் கையெழுத்துப் போடாமல் அங்கே ஒரு போல்ட்டு வாங்க முடியாது.

தம்பிக்கு ஒரே ஒரு பலவீனம்தான், மெஷின். மற்றவர்கள் வாரப் பத்திரிகை படிக்கிற மாதிரி அவன் மெஷின் கம்பெனிகளின் விளம்பரப் புத்தகங்களைப் படிப்பான். வழவழ தாளில் வெள்ளி நிறத்தில் பளபளக்கிற சலவை மெஷினைப் பார்த்தால் அவன் முகம் பெண் பார்க்கப் போன மாப்பிள்ளை முகம் மாதிரி ஆகிவிடும். எங்கேயாவது மெஷின் கண்காட்சி என்றால் இரண்டு நாள் முன்பே சட்டைக்கு இஸ்திரி போட்டு வைப்பான். திரும்பி வந்து அக்காவின் மேசையைச் சுற்றிச் சுற்றி வருவான்.

“அக்கா, நூறு கிலோ மெஷின். ஒரே தடவையில நூறு கிலோ துணி. தண்ணி பாதிதான் குடிக்குது.”

“விலை?”

விலையைச் சொல்லுவான், பாதிக் குரலில்.

“போதும். இருக்கிறது ஓடுதுல்ல?”

“ஓடுது...”

“அப்புறம் என்ன?”

அப்புறம் ஒன்றும் இல்லை. அவன் புத்தகத்தைச் சுருட்டிக்கொண்டு தன் அறைக்குப் போவான். இப்படியே வருடங்கள் போயின.

அவளுடைய அறைக்கும் அவன் அறைக்கும் நடுவே கண்ணாடித் தடுப்பு. மாதக் கடைசியானால் பிரேக் அக்கா கறுப்பு மார்க்கரை எடுத்துக்கொண்டு அதன் முன்னால் போய் நிற்பாள். இடது பக்கம் ஓர் எண் எழுதுவாள், வலது பக்கம் ஓர் எண். இடது என்பது அந்த வருடம் அதுவரை சலவைத் தொழில் தந்த காசு. வாடிக்கையாளர்கள் கொடுத்ததில் சோப்பு, தண்ணீர், மின்சாரம், சம்பளம், ரிப்பேர் எல்லாம் போக உண்மையிலேயே கையில் நின்றது. வலது என்பது புது மெஷின், புது வண்டி, கட்டடம் என்று பல வருடம் உழைக்கப் போகிற சாமான்களுக்குப் போட்டது. இரண்டும் லட்சத்தில். இடது பெரிதாக இருந்தால் தொழில் தன் காலில் நிற்கிறது. வலது பெரிதானால் யாருடைய காலையோ பிடித்துக்கொண்டு நிற்கிறது. அவளுக்கு அந்த நிறுவனத்தைப் பற்றித் தெரிய வேண்டியதெல்லாம் அந்தக் கண்ணாடியில் இருந்தது.

தம்பியின் பக்கத்திலிருந்து பார்த்தால் எண்கள் திரும்பித் தெரியும். “உன் கணக்கு எனக்கு எப்பவும் தலைகீழாத்தான்க்கா தெரியுது” என்று குறைப்பட்டுக்கொள்வான். “அதுக்குத்தான் எழுந்து இந்தப் பக்கம் வான்னு சொல்றேன்” என்பாள். அவன் எழுந்து வந்ததே இல்லை. வந்தால் வலது எண்ணைப் பற்றி விசாரணை தொடங்கிவிடும் என்ற பயம்.

அவள் இப்படி ஆனதற்கு ஒரு காரணம் உண்டு. அது சலவைக் கூடத்தின் மேற்குச் சுவரில் இன்றைக்கும் இருக்கிறது. அந்தச் சுவரின் நடுவில் மட்டும் செங்கல் நிறம் வேறு. அவர்களுடைய அப்பா, நிறுவனத்தைத் தொடங்கிய மகராசர், ஒரு காலத்தில் கடன் வாங்கி ஒரு ராட்சத மெஷின் தருவித்தார். மெஷின் வந்து இறங்கிய பிறகுதான் அது கதவு வழியாக நுழையாது என்று தெரிந்தது. அப்பா கொஞ்சமும் கலங்கவில்லை. சுவரை இடித்தார். உள்ளே தள்ளினார். மறுபடி கட்டினார். எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தார். அதற்குப் போடத் துணிதான் இல்லை. அந்த வருடத்துக் கணக்கை அவள் பிற்பாடு எடுத்துப் போட்டுப் பார்த்தாள். இடது ஐந்து, வலது நாற்பது. குடியிருந்த வீடு போயிற்று. அவள் கல்லூரியில் இரண்டாம் வருடத்தோடு நின்றாள். வணிகவியல்தான் படித்துக்கொண்டிருந்தாள் என்பதில் ஒரு விசேஷம் இருக்கிறது; மிச்சப் பாடத்தை வீட்டிலேயே படிக்கும்படி ஆயிற்று. தம்பிக்கு அப்போது மெஷினைப் பார்த்து வாய் பிளக்கிற வயது. வீடு போனது அவன் மனதில் நிற்கவில்லை, மெஷின் உள்ளே வந்த அழகுதான் நின்றது. அவளுக்கு நேர் மாறாக.

ஆகவே அவள் ஒரு சட்டம் போட்டாள். புதுசு என்று வந்தால் பத்துக் கேள்வி. ரிப்பேர் என்று வந்தால் ஒரு கேள்வியும் இல்லை, உடனே கையெழுத்து. இருப்பதைப் பழுது பார்த்து ஓட்டுகிறவன் பொறுப்பானவன் என்று அவளுக்கு ஒரு தீர்மானம். ரிப்பேர் பில்லை நீட்டுகிறவனை அவள் பார்க்கிற பார்வையில் ஒரு வாஞ்சையே இருக்கும்.

வீட்டிலும் அதே சட்டம்தான். வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியர், சாது. கல்யாணமான வருடம் வாங்கிய ஃபிரிட்ஜ் இன்னும் சமையலறையில் நின்றது. பச்சைக் கைப்பிடி வைத்த ஃபிரிட்ஜ். யார் வீட்டுக்கு வந்தாலும் அவள் கூட்டிப்போய் அதைக் காட்டுவாள். “எங்க கல்யாணத்துக்கு என்ன வயசோ அதே வயசு. அப்பப்போ சின்னச் சின்ன ரிப்பேர், அவ்வளவுதான். எப்படி ஓடுது பாருங்க.” வந்தவர்கள் ஆச்சரியப்படுவார்கள். வீட்டுக்காரர் அந்த நேரத்தில் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருப்பார்.

இத்தனை வருடமும் வண்டி அமைதியாகத்தான் ஓடியது. இடது நாற்பது, வலது நாலோ ஐந்தோ. கண்ணாடியைப் பார்த்தால் அவளுக்குச் சாப்பிட்ட மாதிரி இருக்கும். பிறகு திடீரென்று இடது எண் இறங்க ஆரம்பித்தது. ஒரு வருட முடிவில் இருபத்தொன்பது. அடுத்த வருட முடிவு நெருங்கும்போது பதினெட்டு. வலது எண்ணோ என்றைக்கும் இல்லாத அளவுக்குச் சின்னது, ஒன்றே ஒன்று. தம்பி மெஷின் பேச்சையே விட்டுவிட்டான். விளம்பரப் புத்தகங்கள் மேசையிலிருந்து காணாமல் போயிருந்தன. ‘பரவாயில்லை, இப்போதாவது பொறுப்பு வந்ததே’ என்று அவள் சந்தோஷப்பட்டாள். ஆனால் இடது ஏன் இறங்குகிறது?

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள். சோப்புத்தூள் மூட்டைகளை எடை போட்டாள். யாராவது வீட்டுக்கு எடுத்துப் போகிறார்களோ என்று வண்டி ஓட்டுநரின் சட்டைப் பக்கம் மூக்கை நீட்டிக்கூடப் பார்த்தாள். அந்த ஆள் நடுங்கிப்போய் மறுநாள் சட்டையைத் துவைக்காமலே போட்டுக்கொண்டு வந்தார், சோப்பு வாசனை வந்துவிடக் கூடாதென்று. தண்ணீர் மீட்டரைப் பார்த்தாள். மின்சாரக் கட்டணத்தைப் பார்த்தாள். ரிப்பேர் செலவு ஏறியிருந்தது தெரிந்தது. மெஷின்களுக்கு வயதாகிவிட்டது, வயதானால் மருத்துவச் செலவு இருக்கத்தான் செய்யும் என்று அதைத் தாண்டிப் போய்விட்டாள். ரிப்பேரைச் சந்தேகப்படுவது அவள் ரத்தத்திலேயே இல்லை.

இஸ்திரி மேசைகளுக்குத் தலைவி மாதிரி இருந்த அம்மாள், எல்லோருக்கும் பெரியம்மா, ஒரு நாள் கையில் சுடச்சுட இஸ்திரிப் பெட்டியோடு கேட்டாள்.

“ஏம்மா, என்னமோ யோசனையாவே இருக்க? துணி இப்போ எக்கச்சக்கமா வருது. எங்க கை ஓயறதே இல்ல.”

“துணி ஏறுது பெரியம்மா. காசு இறங்குது. அதான் புரியல.”

“துணியைக் குடு, தேய்ச்சுத் தரேன். அது என் வேலை. காசு உன் வேலை” என்று பெரியம்மா அடுத்த விரிப்பை இழுத்தாள்.

அவளுக்குக் கடைசியில் ஒரு முடிவுதான் மிஞ்சியது. தொழில் உள்ளுக்குள்ளேயே தேய்ந்துகொண்டிருக்கிறது. இன்னும் இரண்டு வருடம் போனால் இடது பக்கம் எழுத ஒன்றும் இருக்காது. அதற்குள் நல்ல விலைக்குக் கொடுத்துவிடுவதே புத்தி. இன்னொரு நகரத்திலிருந்து ஒரு பெரிய கம்பெனி கேட்டுக்கொண்டும் இருந்தது. அவர்களுக்கு வேண்டியது வாடிக்கையாளர்களும் வண்டிகளும். அவர்களிடம் ஒரு நீளமான மெஷின் இருந்ததாம். ஒரு பக்கம் ஈர விரிப்பைக் கொடுத்தால் மறுபக்கம் தேய்த்து மடித்து வருமாம். இஸ்திரி மேசைகள் வேண்டாம் என்று முதல் பேச்சிலேயே சொல்லிவிட்டார்கள். பெரியம்மாவையும் மற்றப் பெண்களையும் நினைத்தால் அவளுக்குத் தொண்டையில் சோறு இறங்கவில்லை. இறங்காத சோற்றை ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் தம்பியைக் கூப்பிட்டாள்.

“வித்துடலாம்டா.”

தம்பியின் முகத்தில் ஈயாடவில்லை. “எதை?”

“எதையா? இதைத்தான். கண்ணாடியைப் பார்த்தியா? பதினெட்டு.”

அவன் வாயைத் திறந்தான். மூடினான். மறுபடி திறந்தான்.

“அக்கா... வந்து...”

“என்ன?”

“ஒண்ணுமில்ல. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

இத்தனை சுலபமாக ஒத்துக்கொள்வான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. ஒரு சண்டைக்குத் தயாராக வந்திருந்தாள், அது கிடைக்காததில் ஏமாற்றமாகவே இருந்தது. அவன் எழுந்து போகும்போது கண்ணாடித் தடுப்பைக் கையால் தடவிக்கொண்டே போனான். அன்றைக்கு அவன் வீட்டுக்குச் சீக்கிரமாகவே போய்விட்டான்.

விலை பேசி முடிந்தது. கையெழுத்துக்கு முன் சாமான்களைச் சரிபார்க்க அந்தக் கம்பெனியிலிருந்து கோட்டுப் போட்ட ஒருவர் வந்தார். கையில் மெஷின் பட்டியல், சட்டைப்பையில் இரண்டு பேனா. சலவைக் கூடத்துச் சூட்டில் கோட்டைக் கழற்றவே இல்லை, அவர் மரியாதை அப்படி. மெஷின் ஒவ்வொன்றையும் தொட்டு, பட்டியலில் கோடு போட்டுக்கொண்டே போனார். பிரேக் அக்கா கூடவே நடந்தாள். தம்பி காலையிலிருந்தே கண்ணில் படவில்லை. மெஷின்களைப் பழுது பார்க்கிற மெக்கானிக் வழியில் நின்றுகொண்டு துணிக் கூடை ஒன்றை இங்கே இருந்து அங்கே, அங்கே இருந்து இங்கே நகர்த்திக்கொண்டிருந்தார்.

கோட்டுக்காரர் திரும்பி வந்து பட்டியலை நீட்டினார். “மேடம், கணக்கு இடிக்குது.”

அவளுக்குச் சுருக்கென்றது. “எங்க கணக்கு இடிக்காது. எது குறையுது?”

“குறையல. ஒண்ணு அதிகமா இருக்கு.”

“என்ன அதிகம்?”

“மெஷின்.”

அவள் சிரித்துவிட்டாள். காணாமல் போகிற மெஷின் உண்டு, விற்றுத் தின்ற மெஷின் உண்டு. அதிகமாகிற மெஷினை எந்தக் கம்பெனியில் கண்டார்கள்? “ஒண்ணை ரெண்டு தடவை எண்ணியிருப்பீங்க” என்றாள். அவர் எண்ணவில்லை என்றார். அவள் எண்ணினார் என்றாள். கடைசியில் இரண்டு பேருமாக மறுபடி எண்ணிக்கொண்டு போனார்கள். உலர்த்தும் இடத்துக்குத் திரும்புகிற மூலையில் எப்போதும் நாலைந்து விரிப்புகள் காயப்போட்டுத் தொங்கும். எப்போதும் அதே விரிப்பு, எப்போதும் அதே இடம். ஏன் அங்கே காயப்போடுகிறார்கள் என்று அவள் கேட்டதில்லை. கோட்டுக்காரர் விரிப்பை விலக்கினார்.

பின்னால் நின்றது நூறு கிலோ மெஷின். வட்டக் கண்ணாடிக் கதவுக்குள் துணி சுற்றிக்கொண்டிருந்தது. முறைப்படி ஒரு மெஷினுக்கு இருக்க வேண்டிய பெயர்ப்பலகை மட்டும் இல்லை.

“இது யாருது?” என்று கேட்டாள். பைத்தியக்காரக் கேள்வி. ஆனால் வேறு என்ன கேட்பது?

மெக்கானிக் கூடையைக் கீழே வைத்தார். தலையைச் சொறிந்தார். “நம்முளதுதான்மா.”

“நான் வாங்கலையே.”

“வாங்கல. ரிப்பேர் பண்ணினோம்.”

“எதை?”

“அதைத்தான்மா... ஞாபகம் இருக்கா, உதிரிபாகம் கழட்டறதுக்குன்னு மூடின லாண்டரி ஒண்ணுலருந்து பழைய இரும்பு விலைக்கு ஒரு மெஷின் கூடு எடுத்தோமே? நீங்ககூட நல்ல யோசனைன்னு சொன்னீங்களே?”

சொன்னாள்தான். தம்பிக்குத் தேநீரே வரவழைத்துக் கொடுத்தாள்.

“அந்தக் கூடுதான் இது. அப்புறம் மூணாம் நம்பர் மெஷினுக்கு டிரம் போச்சுன்னு ஒரு பில் வந்துச்சுல்ல? மூணாம் நம்பர் டிரம் நல்லாத்தான் இருக்கு. வாங்கின புது டிரம்தான் இங்க இருக்கு. அஞ்சாம் நம்பருக்கு மோட்டார். அதுவும் இங்கதான். கதவு, வால்வு, பெல்ட்டு, கண்ட்ரோல் பெட்டி...” சொல்லச் சொல்ல மெக்கானிக்குக்குப் பயம் போய்ப் பெருமை வந்துவிட்டது. “கூட்டைத் தவிர ஒரு போல்ட்டுகூடப் பழசு இல்லம்மா. சத்தமே வராது பாருங்க. கம்பெனியிலருந்து வந்த மெஷின்கூட இப்படி ஓடாது. துண்டு துண்டா வந்ததால சுவரையும் இடிக்கல.”

கோட்டுக்காரர் இரண்டு பேனாவையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அவளுக்கு ஒவ்வொரு பில்லும் நினைவுக்கு வந்தது. ஒவ்வொன்றிலும் அவள் கையெழுத்து. ஒவ்வொன்றையும் நீட்டும்போது தம்பி அவள் முகத்தைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தானே, அது ஏன் என்று அப்போது அவளுக்குத் தோன்றவே இல்லை. இரண்டு வருடமாக அவள் கண்ணெதிரே ஒரு மெஷின் வாங்கப்பட்டிருக்கிறது. அதை நகம் நகமாக, பல் பல்லாக வாங்கியவர்கள் திருடர்கள் அல்ல. பெரியம்மா உட்பட அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது, அவளைத் தவிர. அது அவளுக்கு வலித்தது. நன்றாகவே வலித்தது.

தம்பி உலர்த்தும் இடத்தின் கடைசியில், மடித்த துவாலை அடுக்குகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தான். அக்கா வருவதைப் பார்த்ததும் எழுந்து நின்றான். ஐம்பது வயது முதலாளி, பள்ளிக்கூடத்தில் நிற்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு.

“திட்டறதுன்னா திட்டிடுக்கா. நானும் அப்பா மாதிரியே பண்ணிட்டேன். கம்பெனி காசைப் பூரா மெஷின்ல போட்டு அழிச்சுட்டேன். நீ விக்கணும்னு சொன்னப்போ சொல்லிடணும்னுதான் வாயைத் திறந்தேன். வரல.”

“அதனாலதான் சரின்னு சொன்னியா?”

“நான்தானே கெடுத்தேன். உன்கிட்ட எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு வேண்டாம்னு சொல்றது?”

அவன் கண் கலங்கியிருந்தது. அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், அப்போதுதான் அது தலையில் உறைத்தது. அப்படியே திரும்பி, மெஷினை நோக்கி விறுவிறுவென்று நடந்தாள். இடுப்பில் செருகியிருந்த மார்க்கரை எடுத்தாள். சுற்றிக்கொண்டிருக்கிற மெஷினின் வட்டக் கண்ணாடியிலேயே எழுதினாள், இடது பதினெட்டு, வலது ஒன்று.

“மெக்கானிக், இந்த வருஷம் மட்டும் இதுக்கு எவ்வளவு போச்சு? பொய் சொல்லாதீங்க.”

மெக்கானிக் விரல் விட்டுக் கூட்டினார். “பதினேழு வரும்மா.”

அவள் இரண்டு எண்ணையும் உள்ளங்கையால் அழித்தாள். ரிப்பேர் என்ற பெயரில் இடது பக்கத்தில் கழித்திருந்த பதினேழை அங்கேயே திருப்பிக் கூட்டினாள். முப்பத்தைந்து. அது போக வேண்டிய வலது பக்கத்தில் சேர்த்தாள். பதினெட்டு. எழுதிவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தாள். தம்பியும் வந்து அவள் பக்கத்தில் நின்றான். இந்தத் தடவை அவனுக்கும் எண்கள் நேராகத்தான் தெரிந்தன.

“கழிச்சுப் பார்த்தா மிச்சம் அப்பவும் பதினேழு, இப்பவும் பதினேழுதானே அக்கா? போன காசு போனதுதானே?”

“போடா மக்கு” என்றாள். குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. “பதினெட்டு சம்பாதிக்கிற தொழில் வேற, முப்பத்தஞ்சு சம்பாதிக்கிற தொழில் வேற. இந்த டிரம்மை அடுத்த வருஷமும் வாங்குவியா? மோட்டாரை மறுபடி வாங்குவியா? முடிஞ்சு போச்சுல்ல? துணி வருதுன்னு பெரியம்மா சொன்னாங்களே, அது இந்த மெஷின்லருந்துதான் வருது. அப்பா அஞ்சு வர்ற வருஷத்துல நாற்பது போட்டார். நீ முப்பத்தஞ்சு வர்ற வருஷத்துல பதினெட்டு போட்டிருக்க. தொழில் தேயலடா. நான்தான் தப்பான பக்கத்துல கழிச்சுக்கிட்டு இருந்திருக்கேன்.”

தம்பிக்கு முழுவதும் புரிந்ததா என்பது சந்தேகம். ஆனால் திட்டு விழவில்லை என்பது புரிந்தது, அதற்கே அவன் மூக்கை உறிஞ்சினான்.

“கேட்டிருந்தா குடுத்திருப்பேனேடா” என்றாள்.

மெக்கானிக் கூரையைப் பார்த்தார். இஸ்திரிப் பெட்டியோடு வந்து நின்றிருந்த பெரியம்மா தரையைப் பார்த்தாள். கொடுத்திருக்க மாட்டாள். ‘இருக்கிறது ஓடுதுல்ல?’ என்று கேட்டுப் புத்தகத்தைச் சுருட்ட வைத்திருப்பாள். அது அவளுக்கே தெரியும், சொல்லி முடிப்பதற்குள்ளேயே தெரிந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கோட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். தொழிலின் காசு வரத்து இவ்வளவு என்றால் விலையைத் திரும்பப் பேச வேண்டியிருக்கும், மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

“விலையெல்லாம் பேச வேண்டாம். விக்கறதா இல்ல” என்றாள் அவள். “வெயில்ல வந்திருக்கீங்க. கோட்டைக் கழட்டிட்டு ஒரு டீ குடிச்சுட்டுப் போங்க.”

அவர் தேநீர் குடித்தார், கோட்டோடு. பெரியம்மா விரிப்புத் திரையைக் கழற்றிச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, “இதைத் திரும்பத் துவைக்கணும், எத்தனை நாளா தொங்குது” என்று சொல்லிக்கொண்டே நடந்தாள். போகிற போக்கில் முந்தானையால் கண்ணைத் துடைத்ததை யாரும் பார்க்கவில்லை என்று அவள் நினைப்பு. பிரேக் அக்கா பார்த்தாள். அந்தப் பெண்களிடம் விற்பனையைப் பற்றி எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வார்த்தைகளை எல்லாம் அங்கேயே விட்டுவிட்டு வந்தாள். ஆடிட்டருக்குப் போன் போட்டு இரண்டு வருடக் கணக்கையும் திருத்த வேண்டும் என்று சொன்னாள். ஏன் என்று அவர் கேட்டதற்கு, ஒரு குழந்தை பிறந்ததைப் பதிவு செய்ய மறந்துவிட்டோம் என்றாள். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகச் சமையலறைக்குப் போனாள். பச்சைக் கைப்பிடி ஃபிரிட்ஜ் சத்தமே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. கல்யாணமான வருடத்து ஃபிரிட்ஜ் சத்தமே இல்லாமல் ஓடுமா? திறந்து பார்த்தாள். உள்ளே விளக்கு வெள்ளையாகப் பளிச்சென்று எரிந்தது. தட்டுகள் எல்லாம் புது மாதிரி.

வீட்டுக்காரர் நிலைப்படியில் வந்து நின்றார். தம்பி முன்னாலேயே போன் பண்ணியிருப்பான் போல.

“இதுல எது பழசு?” என்று கேட்டாள்.

அவர் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார். இந்தத் தடவை ஜன்னல் கைகொடுக்கவில்லை.

“கைப்பிடி” என்றார்.

“மிச்சம்?”

“ஒவ்வொண்ணா... ரிப்பேர்னு சொல்லித்தான். போன வருஷம் கதவு. அதுக்கு முந்தின வருஷம் கம்ப்ரஸர். கைப்பிடி மட்டும் நீ வர்றவங்களுக்கெல்லாம் காட்டற, அதான் விட்டு வெச்சேன்.”

“என்னைப் பார்த்தா அவ்வளவு பயமா உங்களுக்கு?”

“பயம்னு இல்ல” என்றார் அவர். பிறகு, பொய் சொல்ல வராத மனிதர் என்பதால், “கொஞ்சம்” என்றார்.

அவள் ஃபிரிட்ஜ் கதவைச் சாத்தினாள். பச்சைக் கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொண்டே நின்றாள். அழுகை வருகிற மாதிரி இருந்தது, சிரிப்பும் வந்தது, கடைசியில் எது முந்தியது என்று அவருக்குத் தெரியவில்லை. அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டுவிட்டாள்.

“நாளைக்குக் கடைக்குப் போய்க் கைப்பிடியும் மாத்திடுங்க” என்றாள். “ஆனா ரிப்பேர்னு சொல்லாதீங்க. புதுசுன்னு என்கிட்ட கேட்டு வாங்குங்க.”

“கேட்டா குடுப்பியா?”

அவள் பச்சைக் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தாள்.

“கேட்டுத்தான் பாருங்களேன்.”